ஓர் இடம் காலியாகிறது

போன வருஷம் இதே மேசையில்
தொலைபேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டுச் சாப்பிட்டேன்.
காத்திருப்போர் பட்டியலில் என் பெயர்
எத்தனையாவது என்று யாரும் சொல்லவில்லை.
ஆகஸ்ட் வந்தது, வகுப்புகள் தொடங்கின.
நான் டோலிடோ மருத்துவமனையின் நாலாம் மாடியில்
விடிகாலை நாலு மணிக்கு
தூங்குகிறவர்களை எழுப்பி ரத்தம் எடுக்கப் போனேன்.

இந்த வருஷம் இரண்டு கடிதங்கள்.

ஒன்று ராச்செஸ்டர்.
ஓர் ஏரிக்கரையிலிருந்து இன்னோர் ஏரிக்கரை,
ஆறு மணி நேர ஓட்டம்.
மற்றது வீட்டிலிருந்து பதினோரு நிமிஷம்,
ரயில் கேட் மூடியிருந்தால் முப்பது.

தம்பி காபோர், இழுவை வண்டி ரசீதின் பின்பக்கம்
கணக்குப் போட்டுக் கொடுத்தான்.
அவனுக்கு எட்டு எழுத வராது,
ஒரு சுழியின்மேல் இன்னொரு சுழியை உட்கார வைப்பான்.
ராச்செஸ்டர் பக்கம் நிறையச் சுழிகள் உட்கார்ந்திருந்தன.
"இலோனா, இது ஒரு வீட்டு விலை" என்றான்,
"கராஜ் வைத்த வீடு."
வட்டியைச் சேர்க்க மறந்திருந்தான்.
நான் சொல்லவில்லை.

அங்கே போய்ப் பார்த்த நாளில் பனி கொட்டியது.
சுற்றிக்காட்டிய இரண்டாம் வருஷ மாணவி
ஒரு காலில் கறுப்பு உறை, மறுகாலில் கருநீலம்.
கேட்காமலே சொன்னாள்:
அழுவதற்கு நல்ல இடம் நூலகத்தின் மூன்றாம் தளம்,
செய்தித்தாள்கள் இருக்கும் பக்கம், யாரும் வரமாட்டார்கள்.
அந்த ஒரு வாக்கியத்துக்காகவே சேர்ந்துவிடலாம் போலிருந்தது.

இங்கே நேர்காணலில் டாக்டர் ஹேவர்காம்ப்
என் கோப்பைத் திறக்கவேயில்லை.
"யாருக்கும் கிடைக்காத நரம்பை எடுக்கிற பெண்
நீதானே" என்று சிரித்தார்.
பெருமையாக இருந்தது.
படியிறங்கும்போது, கார்ச் சாவியைத் தேடும்போது,
பெருமை மெல்லப் புளித்தது:
நாலு வருஷம் கழித்தும், நாற்பது கழித்தும்
இந்தக் கட்டடத்துக்கு நான் அந்தப் பெண்தானோ.

இன்று காலை நானூற்றுப் பதினேழாம் அறை.
ஆர்வல் டீகார்டன், கண்ணாடி ஆலையில் இருந்தவர்.
வலது கையில் நீலமாய்ப் புடைத்த நரம்பு ஒன்று,
பார்க்க அழகு, ஊசி தொட்டால் நழுவி ஓடும்.
அதற்குக் கீழே, கண்ணுக்குப் படாமல் இன்னொன்று.
விரல் நுனிக்கு மட்டும் தெரியும்,
தோலுக்கடியில் நனைந்த நூல்கயிறு.
"சீக்கிரம் எடு" என்றார் கண் திறக்காமல்,
"கனவில் மீன் மாட்டியிருக்கிறது."
இதை வைத்து ஒரு முடிவுக்கு வரலாமா என்று பார்த்தேன்.
இரண்டு ஊர்களில் எது நீலம், எது கயிறு
என்றே தெரியவில்லை.
குழாய்களில் பெயர் ஒட்டினேன். அடுத்த அறைக்குப் போனேன்.

ஏப்ரல் முப்பது, இரவு பதினொன்று நாற்பது.
கூட்டிக் கழித்த ரசீதின்மேல்
காபிக் கோப்பையின் வட்டம் ஒன்று,
அதையும் கடனில் சேர்த்துக்கொள்ளலாம்.

டோலிடோவின் பக்கத்தைத் திறந்து
இடத்தைத் திருப்பித் தருகிறேன் என்ற பெட்டியில் குறியிட்டேன்.
"உறுதிதானா" என்று கேட்டது.
என்னிடம் இதுவரை யாரும்
அவ்வளவு மரியாதையாகக் கேட்டதில்லை.
ஆம்.

நாளையோ அடுத்த வாரமோ
அதே பட்டியலில் இருக்கும் ஒருவருக்கு மணி அடிக்கும்.
சட்டி கழுவிக்கொண்டிருக்கலாம், கை ஈரமாயிருக்கும்.
தெரியாத எண் என்று துண்டித்துவிடாதே.
உன் பெயர் எனக்குத் தெரியாது.
போன வருஷம் முழுக்க உன் தட்டில்தான் சாப்பிட்டேன்.

காபோர் சமையலறைக்கு வந்தான்,
என் முகத்தைப் பார்த்தான், திரையைப் பார்த்தான்,
ரசீதை எடுத்து நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்தான்.
குளிர்பெட்டியைத் திறந்து
வெகுநேரம் உள்ளேயே பார்த்துக்கொண்டு நின்றான்.
பிறகு கேட்டான்:
"அந்த ஊரில் ரயில் கேட் உண்டா?"